வீட்டிலிருந்தே விமானம் விடலாம்: சிமுலேட்டரில் மாடல் பிளேன், கிளைடரை ஏவுவது எப்படி?

மதுராந்தகம் ஏரிக்கரையில் வெயில் ஏறிய நேரத்தில் அண்ணாந்து பார்த்தால், இறக்கையை அசைக்காமலேயே வட்டமடித்து மேலே போகும் பருந்து கண்ணில் படும். எஞ்சின் இல்லாத கிளைடர் பறப்பதும் இதே தந்திரத்தில்தான். தரையிலிருந்து எழும் வெப்பக் காற்றைப் பிடித்துக்கொண்டால் போதும், அதுவே தூக்கிக்கொண்டு போகும். ஆனா, அந்தக் காற்று இருக்கும் உயரத்துக்கு கிளைடரை முதலில் கொண்டுபோவது எப்படி? புதிதாகப் பழகுபவர்களின் விமானம் பெரும்பாலும் உடைவது இந்த இடத்தில்தான். அதனால்தான் முதல் பாடத்தை சிமுலேட்டரில் படிக்கச் சொல்கிறார்கள்.

சிமுலேட்டர் என்றால் என்ன?

ரிமோட்டில் இயங்கும் மாடல் விமானத்தை கணினித் திரையில் பறக்கவிடும் மென்பொருள் இது. சாதாரண வீடியோ கேம் போல விமானி இருக்கையிலிருந்து பார்ப்பது கிடையாது. தரையில் நிற்பவரின் கண்ணுக்கு விமானம் எப்படித் தெரியுமோ, அப்படித்தான் திரையிலும் தெரியும். ‘ரியல்ஃப்ளைட்’ கட்டணம் செலுத்தி வாங்க வேண்டியது. ‘பிகாசிம்’, ‘சிஆர்ஆர்சிசிம்’ ஆகியவை இலவசம். கிளைடர் பழக பிகாசிம் நல்ல தேர்வு.

கீபோர்டில் பழகினால் பெரிய பயன் இல்லை. நிஜ ரிமோட்டையே யு.எஸ்.பி. வழியாக கணினியில் இணைப்பதுதான் சரி. அப்போதுதான் விரல்களுக்குப் பழக்கம் வரும்.

ஏவும் முறைகள் என்னென்ன?

கையால் வீசுவது: சிறிய மோட்டார் விமானங்களுக்கான வழி. காற்று வரும் திசையைப் பார்த்து, விமானத்தை நேர்மட்டமாக வீச வேண்டும். மூக்கை மேலே தூக்கி வீசினால் வேகம் குறைந்து அப்படியே கீழே விழும். பின்னாலிருந்து பார்க்கும்போது கடிகாரச் சுற்றில் சுழலும் புரொப்பல்லர் என்றால், அதன் எதிர்விசை விமானத்தை இடது பக்கம் சாய்க்கும். அந்த ஒரு நொடியில் வலது பக்கம் லேசாகத் திருத்த விரல் தயாராக இருக்கணும்.

வட்டு எறிவது போல் வீசுவது: இறக்கையின் நுனியைப் பிடித்து, உடம்போடு ஒரு சுற்று சுற்றி கிளைடரை விடுவது. சர்வதேசப் போட்டிகளில் இது ‘எஃப்3கே’ பிரிவு. இறக்கை அகலம் 1,500 மில்லிமீட்டர், எடை 600 கிராம் என்பது உச்சவரம்பு. தேர்ந்தவர்கள் வீசினால் 50 மீட்டருக்கு மேல் ஏறும்.

ரப்பர் கயிறு: நம்ம ஊர் பட்டம் விடுற கதைதான். தரையில் அடித்த முளையில் ரப்பர் குழாய், அதன் மறுமுனையில் நீண்ட நைலான் கயிறு, கயிற்றின் நுனியில் ஒரு வளையம். கிளைடரின் அடியில் உள்ள கொக்கியில் வளையத்தை மாட்டி, பின்னால் இழுத்து விட்டால் பட்டம் போலவே மேலே ஏறும். உச்சியில் மூக்கைச் சற்றுத் தாழ்த்தினால் வளையம் தானாகக் கழன்றுவிடும். ஏறும்போது மூக்கை அளவுக்கு மீறித் தூக்கினால் இறக்கை தூக்கும் சக்தியை இழக்கும், ஒரு பக்கமாகக் கவிழும்.

சரிவிலிருந்து விடுவது: குன்றில் மோதும் காற்று மேல்நோக்கித் திரும்பும். அந்தச் சரிவின் விளிம்பில் நின்று தள்ளிவிட்டாலே கிளைடர் மிதக்கும். செங்கல்பட்டு பக்கத்துச் சமவெளியில் இருப்பவருக்கும் சிமுலேட்டரில் ஒரு மலை கிடைக்கும்.

ஏவிய பிறகு என்ன சிக்கல்?

விமானம் நம்மை விட்டு விலகிப் போகும்போது எல்லாம் சரியாக இருக்கும். நம்மை நோக்கித் திரும்பி வரும்போதுதான் இடமும் வலமும் மாறிப்போகும். இதற்கு ஒரு எளிய வழி உண்டு. எந்த இறக்கை தாழ்ந்து தெரிகிறதோ, அந்தப் பக்கமே ஸ்டிக்கைத் தள்ளினால் விமானம் நிமிர்ந்துவிடும். இதை யோசிக்காமல் செய்யும் அளவுக்குப் பழகிவிட்டாலே சிமுலேட்டர் தன் வேலையைச் செய்துவிட்டது என்று அர்த்தம்.

சிமுலேட்டர் சொல்லித் தராதது என்ன?

எடை மையம் சரியாக இருக்கிறதா, பேட்டரி முழுசா சார்ஜ் ஆகியிருக்கா, இறக்கை மடிப்புகள் சரியான திசையில் அசைகிறதா என்ற சோதனைகளை எந்த மென்பொருளும் செய்யாது. திரையில் விழுந்தால் ஒரு பட்டன், புது விமானம் வந்துவிடும். மைதானத்தில் அது யார் தலையிலாவது விழலாம்.

நேரடியாக ஏரிக்கரையில் விடலாமா?

அவசரப்பட வேண்டாம். 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள், பொழுதுபோக்குக்காகப் பறக்கவிடும் ரிமோட் மாடல் விமானங்களுக்கும் பொருந்தும். 25 கிலோவுக்கு மேல் போகாமல், கண்பார்வைக்குள் பறப்பதே ‘மாடல்’ என்ற வகைக்குள் வரும். வான்வெளி பச்சை, மஞ்சள், சிவப்பு எனப் பிரிக்கப்பட்டுள்ளது. பச்சை மண்டலத்தில் 400 அடி வரை பறக்கத் தனி அனுமதி தேவையில்லை. விதியை மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்.

செங்கல்பட்டு மாவட்டத்தில் இது இன்னும் முக்கியம். ஒரு பக்கம் கல்பாக்கம் அணுமின் நிலையம், இன்னொரு பக்கம் தாம்பரம் விமானப்படைத் தளம். மதுராந்தகம் வட்டாரத்திலேயே வேடந்தாங்கல், கரிக்கிலி பறவைகள் சரணாலயங்கள் உள்ளன. பறவைகள் கூடும் இடத்தில் விமானம் விடுவது அவற்றுக்கும் ஆபத்து, விமானத்துக்கும் ஆபத்து. எனவே, டிஜிட்டல் ஸ்கை தளத்தின் வரைபடத்தில் இடத்தைப் பார்த்துவிட்டே கிளம்ப வேண்டும்.

மாணவர்களுக்கு என்ன பயன்?

என்.சி.சி. விமானப் பிரிவில் ஏரோமாடலிங் ஒரு பயிற்சி. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் உருவான ‘தக்‌ஷா’ மாணவர் குழு, நடிகர் அஜித்குமார் ஆலோசகராக இருந்தபோது, 2018இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் 2ஆம் இடம் பிடித்தது. 10ஆம் வகுப்பு முடித்து, 18 வயது நிரம்பியவர்கள் ட்ரோன் இயக்குவதற்கான சான்றிதழுக்குப் படிக்கலாம். அந்தப் பயிற்சியிலும் சிமுலேட்டர் உண்டு.

ஆக, விமானம் வாங்க காசு சேர்க்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. முதல் நூறு விபத்துகளையும் திரையிலேயே முடித்துவிட்டு மைதானத்துக்குப் போகலாம்.