உப்ஹார்: கோப்பில் அடைபட்ட கதவு

உப்ஹார் தீ விபத்தை விதிமீறலின் கதையாக மட்டும் வாசிப்பது எளிது. கோப்புகளின் வரலாறு சற்று வேறானது.

1970இல் வெளிவந்த தேசியக் கட்டட விதித்தொகுப்பு தீப்பாதுகாப்புக்கெனத் தனிப்பகுதி ஒன்றைக் கொண்டிருந்தது. வெளியேறும் வழிகளின் எண்ணிக்கையையும் அகலத்தையும் கட்டடம் எழும் முன்பே வரைபடத்தில் சரிபார்க்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. டெல்லித் திரையரங்குகளுக்கோ 1953ஆம் ஆண்டின் தனி விதிகள் ஏற்கெனவே இருந்தன. 1973இல் கிரீன் பார்க்கில் திறக்கப்பட்ட உப்ஹாரின் அனுமதி பெற்ற வரைபடத்தில், பால்கனியின் இருபுறமும் இடைவழிகள் இருந்தன. வலப்புறம் வெளியேறும் கதவும் இருந்தது.

1976இல் டெல்லி நிர்வாகம் விதிகளைத் தளர்த்தியது. பால்கனியில் 43 இருக்கைகள் கூடின. வலப்புற இடைவழி மறைந்தது. 1978இல் உரிமையாளர் குடும்பத்துக்கென 8 இருக்கைகள் கொண்ட தனியறை அமைந்து, வலப்புறக் கதவை அடைத்தது. அதற்கும் அனுமதி உண்டு. 1979இல் தளர்வு திரும்பப் பெறப்பட்டபோது, மீளாய்வுக்குப் பின் அந்த 43இல் 37 இருக்கைகள் நிலைத்தன. ஆய்வு நடக்காமல் இல்லை. ஒவ்வொரு முறையும் நடந்தது. ஒவ்வொரு ஆய்வும் முந்தைய அனுமதியோடு ஒப்பிட்டதேயன்றி, புகை சூழ்ந்த இருட்டில் மக்கள் எப்பக்கம் ஓடுவர் எனக் கேட்கவில்லை.

1983இல் குறைகள் கண்டறியப்பட்டு உரிமம் நான்கு நாள் நிறுத்தி வைக்கப்பட்டது. நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. அதன்பின் 1997 வரை, இரண்டு மாதத் தற்காலிக அனுமதிகளிலேயே அரங்கு இயங்கியது. தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று அவற்றுக்குத் துணை நின்றது. அச்சொல்லின் ஆக்கம் கவனிக்கத்தக்கது. தடை என்பதே மறுப்பு. அதன் இன்மையைச் சொல்வது மறுப்பின் மறுப்பு. கட்டடம் பாதுகாப்பானது என்று அச்சான்று எங்கும் கூறுவதில்லை. அன்றைய தினம் அந்த அலுவலகத்துக்கு ஆட்சேபம் இல்லை என்பதே அதன் பொருள்.

வரைபடத்தோடு பொருந்தாதவையும் இருந்தன. தரைத்தள வாகன நிறுத்துமிடத்தில், மின்மாற்றி அறைக்குப் பின்புறம் 3 அடி உயரக் கைப்பிடிச் சுவருக்கே அனுமதி. அது கூரைவரை எழுப்பப்பட்டிருந்தது. 1997 ஜூன் 13 அன்று காலை அங்கிருந்த மின்மாற்றியில் தீப்பற்றி, அவசரமாகப் பழுது பார்க்கப்பட்டது. மாலை 5 மணியளவில், ‘பார்டர்’ திரைப்படம் ஓடிக்கொண்டிருந்தபோது மீண்டும் பற்றியது. வெளியே போக வழியற்ற புகை, படிக்கட்டு வழியாகவும் குளிர்சாதனக் குழாய்கள் வழியாகவும் மேலேறிற்று. கீழே அமர்ந்திருந்தோர் தப்பினர். 59 பேர் மூச்சுத்திணறி இறந்தனர். பால்கனியே அவர்களுக்குப் பொறியாயிற்று.

2015இல் உச்ச நீதிமன்றம், உரிமையாளர் சகோதரர் இருவரும் தலா 30 கோடி ரூபாய் செலுத்த ஆணையிட்டது. விதித்தொகுப்பு 2005இலும் 2016இலும் திருத்தப்பட்டு, அதன் தீப்பாதுகாப்புப் பகுதி பெரிதும் விரிந்தது. ஆயினும் அது பரிந்துரையே. மாநிலமோ உள்ளாட்சி அமைப்போ தன் விதிகளில் ஏற்றாலன்றி, வரைபடத்தைப் பார்க்கும் அலுவலரை அது கட்டுப்படுத்தாது.