மீதி வரும்வரை வகுப்போம்



ஒரு பல்லுறுப்பி இன்னொன்றின் காரணியா என்று கேட்டால் நம் உயர்தர மாணவர்கள் உடனே ஓர் எண்ணைப் பிரதியிடுகிறார்கள். வகுக்கும் கோவை இருபடியாக வந்து, மெய் மூலங்களும் இல்லாவிட்டால் பேனா நின்றுவிடுகிறது. குறுக்குவழியை மட்டும் பழக்கிய ஆசிரியர்களாகிய நமக்கும் அதில் பங்குண்டு.

நீண்ட வகுத்தல் எப்போதும் கைகொடுக்கும். 12ஆம் நூற்றாண்டில் பக்தாதைச் சேர்ந்த அஸ்ஸமவ்அல் அதை அட்டவணையாகவே செய்துகாட்டினார். 'அல்பாஹிர்' நூலை எழுதியபோது அவருக்கு வயது 19. குணகங்களை மட்டும் வரிசையாக இட்டார். உறுப்பு இல்லாத இடத்தில் பூச்சியம்.

அவரது உதாரணம் ஒன்றில் 20, 30, 0 என்பதை 6, 0, 12 வகுக்கிறது. 20ஐ 6ஆல் வகுத்து, அந்த ஈவால் 12ஐப் பெருக்கினால் 40. அதைக் கழித்தால் மீதி 30, -40. மீதி பூச்சியமல்ல, ஆகவே காரணியல்ல. அவர் அதோடு விடவில்லை. தொடர்ந்து வகுத்து, முடிவின்றி நீளும் ஈவின் குணகங்களுக்கு ஒரு விதியையும் கண்டார்.

நம் முன்னோர் என்று பெருமைப்படுகிறோம். முழுதாகவும் சொல்வோம். அந்நூலை எழுதியபோது அவர் யூதர். இஸ்லாத்தை ஏற்றது 1163இல். அவர் தொடர்ந்தது, முன்பே பக்தாதில் வாழ்ந்த அல்கரஜியின் பணியை. யாரிடமிருந்தும் கற்ற சமூகம் அது.

இன்றிரவு பிள்ளைகளிடம் இந்தக் கணக்கைக் கொடுத்து, மீதி வரும்வரை வகுக்கச் சொல்வோம். அல்லாஹ் அவர்களின் அறிவைப் பெருக்குவானாக.