மலைப்பாதையும் இணைப்புத்தண்டும்

பேராதனையிலிருந்து கம்பளை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் பெருந்தெருவில் அமைந்த ஊர் புசல்லாவை. இங்குள்ள றோத்சைல்ட் தோட்டத்தில் 1841இல் வேர்ம்ஸ் சகோதரர் சீனத்துத் தேயிலையை நட்டபோது, மலைநாட்டின் விளைபொருள்களை மாட்டு வண்டிகளே சுமந்தன. அடுத்த நூற்றாண்டில் அப்பணியை லொறிகள் ஏற்றன. 1934இல் நுவரெலியாவின் மகாகஸ்தோட்டையில் கார்களின் மலையேற்றப் போட்டியும் தொடங்கிற்று. தேயிலை லொறியும் பந்தயக் காரும் ஏறுவது ஒரே மலைநாட்டின் சரிவுகளையே. எனினும், அவற்றின் இயந்திரங்களுள் மறைந்துள்ள இணைப்புத்தண்டு இரு வேறு சோதனைகளுக்கு உள்ளாகின்றது.

பிஸ்டனைக் கிராங்க் தண்டுடன் இணைக்கும் இவ்வுறுப்பை மெக்கானிக்குகள் 'கனெக்டிங் ரொட்' என்பர். பாரம் ஏற்றிய லொறி மெதுவாக ஏறுகையில், எரிவாயுவின் அமுக்கமே அதனை வருத்துகின்றது. பந்தயக் காரிலோ வேகமே பகையாகின்றது. மேலெல்லையை அடைந்த பிஸ்டனை நிறுத்தி மீளக் கீழிழுக்கும் கணத்தில் தண்டு இழுவிசைக்கு உட்படுகின்றது. 80 மில்லிமீற்றர் ஓட்டமுள்ள இயந்திரம் நிமிடத்திற்கு 6,000 முறை சுழலுமாயின், அரைக் கிலோகிராம் திணிவுள்ள பிஸ்டன் தொகுதி ஏறத்தாழ ஒரு தொன் எடைக்குச் சமமான விசையால் தண்டை இழுக்கும். சுழற்சி இரட்டித்தால் இவ்விசை நான்கு மடங்காகும். ஆகவே, பரிவலுவை வேகத்தால் பெருக்க விரும்புவோர்க்கு வலிமையோடு எடைக் குறைவும் இன்றியமையாததாயிற்று.

வலிமை என்பது ஒருமுறை தாங்குவது மட்டுமன்று என்பதை உலகம் பெருவிலை கொடுத்தே கற்றது. 1842இல் பிரான்சின் வேர்சாய் அருகே புகையிரத எஞ்சின் ஒன்றின் அச்சு முறிந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பின்னர் ஜேர்மானியப் பொறியியலாளர் வேலர் நிகழ்த்திய ஆய்வுகள், ஒரு முறையில் முறிக்கவியலாத சுமை பல்லாயிரம் முறை மீண்டும் மீண்டும் வருமாயின் உலோகத்தை முறித்துவிடும் எனக் காட்டின. இதுவே உலோகக் களைப்பு. உருக்கில் ஓர் எல்லைக்குக் கீழ்ப்பட்ட சுமை எத்தனை முறை வரினும் பெரும்பாலும் முறிவு நேராது. அலுமினியத்துக்கு அத்தகைய தெளிவான எல்லை இல்லை.

உலோகத் தெரிவின் வரலாற்றை இவ்வடிப்படையில் நோக்குதல் தகும். நிக்கல், குரோமியம், மொலிப்டினம் சேர்ந்த உருக்கை அடித்துருவாக்கிய தண்டுகள் உயர்வலு இயந்திரங்களில் நெடுங்காலமாக நிலைபெற்றுள்ளன. உருக்கின் எடையில் மூன்றிலொரு பங்கை அண்மிய அலுமினியம், குறுந்தூர நேரோட்டப் பந்தயங்களில் இடம்பெற்றது. அங்கு குறித்த ஓட்டங்களின்பின் தண்டு மாற்றப்படும். தைற்றேனியத்தின் எடை உருக்கினதில் ஏறத்தாழ 56 வீதமே. 1990இல் வெளிவந்த ஹொண்டா என்.எஸ்.எக்ஸ். கார் இத்தண்டுகளின் துணையுடன் நிமிடத்திற்கு 8,000 சுழற்சிகளை எட்டியது. ஆயினும் தைற்றேனியம் விலை மிக்கது. உராய்விற் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. சிறு கீறலையும் எளிதிற் பொறுக்காதது.

எனவே, மிகச் சிறந்த உலோகம் எது என்ற வினாவே பொருத்தமற்றதாகும். எவ்வேகத்தில், எத்தனை காலம், எவ்விதப் பராமரிப்புடன் என்பனவே உரிய வினாக்கள். பழைய இயந்திரங்களைச் செப்பனிட்டு மீண்டும் பயன்படுத்தும் வழக்கமுள்ள நம் நாட்டில் இது வெறும் ஏட்டறிவன்று. முன்னர் உழைத்த தண்டு, தான் தாங்கிய ஒவ்வொரு சுமையின் வரலாற்றையும் கண்ணுக்குத் தெரியாமல் தன்னுள் வைத்திருக்கின்றது. வெடிப்புப் பரிசோதனையின்றி அதன்மீது மேலும் பரிவலுவை ஏற்றினால், தண்டு முறிந்து இயந்திரத்தின் சுவரையே துளைத்து வெளிவரலாம். ஒருபுறம் மலையும் மறுபுறம் பள்ளமுமாகச் செல்லும் பாதையில் அத்தவறு இயந்திரத்தோடு நின்றுவிடுவதில்லை.