தாது வருஷத்துக் கஞ்சியும் சேரியின் வேதமும்

போன மாதம் ஆரணியில் ஒரு வாசிப்பு வட்டத்தில் பேசிக்கொண்டிருந்தேன். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு தங்கை எழுந்து கேட்டாள்: "அண்ணா, படுற கஷ்டத்துக்கெல்லாம் ஆண்டவர் ஒரு நோக்கம் வெச்சிருக்கார்னு கோயில்ல சொல்றாங்க. எங்க குடும்பம் தாது வருஷப் பஞ்சத்துல வேதத்துக்கு வந்ததாம். அந்தப் பஞ்சத்துல பட்டினி கெடந்து செத்தாங்களே, அவங்களுக்கு என்ன நோக்கம்?"

நான் அன்றைக்கு ஏதோ சமாளித்துப் பதில் சொன்னேன். அது எனக்கே போதவில்லை. அந்தத் தங்கைக்கும், அதே கேள்வியை மனதுக்குள் வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

ஆரணியின் வரலாறு என்று கேட்டால் என்ன சொல்வார்கள்? 1751இல் கிளைவ் இங்கே ஒரு சண்டையில் ஜெயித்தான். 1782இல் ஹைதர் அலி படைக்கும் ஆங்கிலேயப் படைக்கும் இங்கே மோதல் நடந்தது. ஜாகீர்தார்கள் இருந்தார்கள், பூசிமலைக்குப்பத்தில் அவர்களுடைய அரண்மனை பாழடைந்து நிற்கிறது. பிறகு பட்டு. தறிச் சத்தம், பாவு, ஜரிகை, முகூர்த்தப் புடவை. அத்தோடு முடிந்தது. கமண்டல நாகநதிக் கரையின் நெல் வயல்களில் தலைமுறை தலைமுறையாகப் படியாளாக நின்றவர்கள் அந்த வரலாற்றில் எங்குமே வரமாட்டார்கள். அவர்கள் கொஞ்சமாவது எழுத்தில் வருவது இரண்டு இடங்களில்தான். ஒன்று, பஞ்ச நிவாரணக் கணக்கு. இன்னொன்று, வேதக்கோயில் பதிவேடு.

1876 முதல் 1878 வரை நடந்ததைத்தான் நம் ஊர்க் கிழவிகள் தாது வருஷப் பஞ்சம் என்றார்கள். மழை பொய்த்தது உண்மை. ஆனால் மழை பொய்த்ததால் மட்டும் இத்தனை பேர் சாகவில்லை. புதிதாகப் போட்ட ரயில் பாதைகள் தானியத்தை விலை அதிகம் கிடைக்கும் இடத்துக்குக் கொண்டுபோயின. வைஸ்ராய் லிட்டன் 1877 ஜனவரி 1 அன்று டெல்லியில் விக்டோரியாவைப் பேரரசியாக அறிவிக்கப் பெரிய தர்பார் நடத்திக்கொண்டிருந்தார். அதே மாதம் அவர் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலைக்குப் போகும் ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று கூலியைக் குறைத்தார். அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவான தானியம். பெண்ணுக்கு அதிலும் குறைவு. இதைத் தின்றுவிட்டு நாள் முழுதும் கல் உடைக்க முடியாது என்று சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த கார்னிஷ் எழுதி எழுதிச் சண்டை போட்டார். பல மாதம் கழித்துத்தான் கூலியை உயர்த்தினார்கள். தென்னிந்தியாவில் செத்தவர்கள் ஐம்பது லட்சத்துக்கும் மேல் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

யார் முதலில் செத்தார்கள்? நிலமில்லாதவர்கள், கடன் கிடைக்காதவர்கள், ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்க முடியாதவர்கள். மாகாணத்தின் சில இடங்களில் நெசவாளர்களுக்கு நூலை முன்பணமாகக் கொடுத்து அவர்கள் தொழிலிலேயே நிவாரணம் தந்தார்கள். நல்லதுதான், தறிக்காரரும் பட்டினிதான் கிடந்தார். ஆனால் பறையருக்கு முன்பணமாகக் கொடுக்க என்ன இருந்தது? மண்வெட்டியும் கல் சுத்தியலும்தான்.

இந்த இடத்தில்தான் அமெரிக்க ஆற்காடு மிஷன் வருகிறது. அமெரிக்கச் சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த ஸ்கடர் சகோதரர்கள் 1853இல் தொடங்கியது அது. அதன் ஆரம்பகால நிலையங்களில் ஆரணியும் ஒன்று. சாதியைச் சபைக்குள் விடக்கூடாது என்று கடுமையாக நின்ற மிஷன்களில் இதைச் சேர்க்கலாம். தஞ்சாவூர்ப் பக்கம் 1833இல் பிஷப் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று உத்தரவு போட்டதும் ஆதிக்கச் சாதிக் கிறிஸ்தவர்கள் கோபித்துக்கொண்டு வெளியேறிய கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆற்காட்டுப் பக்கம் கிராமச் சபைகளில் பெரும்பாலும் பறையர்களே இருந்ததால் அந்தக் கோபத்துக்கு ஆளில்லை.

பஞ்சம் முடியும் நேரத்தில் மாகாணம் முழுக்கச் சேரிகள் கூட்டம் கூட்டமாக வேதத்துக்கு வந்தன. தெலுங்குப் பகுதியில் ஒங்கோலில் நடந்தது மிகப் பேர்பெற்றது. ஜான் கிளஃப் என்ற பாப்டிஸ்ட் மிஷனரி, பக்கிங்ஹாம் கால்வாயில் மூன்று மைலுக்கும் சற்று அதிகமான நீளத்தை ஒப்பந்தம் எடுத்து மாதிகர்களுக்கு வேலை கொடுத்தார். பஞ்சம் நடக்கும்போது அவர் யாருக்கும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. சோற்றுக்காக வந்தார்கள் என்ற பேச்சு வரும் என்று பயந்தார். நிவாரணம் நின்ற பிறகும் சனங்கள் விடவில்லை. 1878 ஜூலை 3 அன்று ஒரே நாளில் 2,222 பேருக்கு ஞானஸ்நானம் நடந்தது.

நிவாரணம் நின்ற பிறகு என்பதை இன்னொரு முறை படியுங்கள். 'அரிசிக் கிறிஸ்தவர்கள்' என்று இன்றைக்கும் நம்மை ஏளனம் செய்கிறவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். ஆனால் தோழர்களே, நான் அந்த ஏளனத்துக்கு வேறு விதமாகவும் பதில் சொல்வேன். சரி, அரிசிக்காகத்தான் வந்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அதில் என்ன அவமானம்? பசியோடு இருக்கிறவன் சோறு போடுகிறவனிடம் போவது நியாயம். ஆயிரம் ஆண்டுகளாக அவன் விளைவித்ததைத் தின்றவர்கள் அவனுக்கு ஒரு பிடி கொடுக்கவில்லையே, அவமானம் அவர்களுக்கல்லவா? வயிறு வேறு, ஆன்மா வேறு என்று பிரித்துப் பேசுவது வயிறு நிறைந்தவர்களின் பழக்கம். சேரி அப்படிப் பிரித்ததே இல்லை. 'தி பறையா பிராப்ளம்' என்ற நூலில் ரூபா விஸ்வநாத் இதை விரிவாகக் காட்டுகிறார். படிக்காதவர்கள் படித்துவிடுங்கள்.

வந்தவர்களுக்கு உடனே சுகம் வந்துவிடவில்லை, அடிதான் விழுந்தது. வேதத்துக்குப் போன சேரிக்கு வேலை கொடுக்க மாட்டார்கள். பொய் வழக்குப் போடுவார்கள். குடியிருக்கும் மனையே ஆண்டைக்குச் சொந்தம் என்றால் குடிசையைப் பிரித்துப் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரிய சண்டைக் காரணமாக இருந்தது. அன்றைக்கு வேலைக்கு வரமாட்டோம், கோயிலுக்குப் போகணும் என்று படியாள் சொன்னான். படியாள் வரமாட்டேன் என்று சொல்வதே ஆண்டைக்குப் புதுசு. நம் சனங்களின் தொழிற்சங்க வரலாற்றை எழுதுகிறவர்கள் இங்கேயிருந்து தொடங்கலாம் என்பது என் அபிப்பிராயம். இத்தனைக்குப் பிறகும் பலர் நிலைத்து நின்றார்கள், சிலர் திரும்பிப் போனார்கள். திரும்பிப் போனவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை.

நிலைத்து நின்றவர்களுக்கு என்ன கிடைத்தது? ஓலைக் கூரை போட்ட ஒரு பள்ளிக்கூடம், அதில் ஓர் உபதேசியார். பெரும்பாலும் அவரும் சேரியில் பிறந்தவர். பகலில் பிள்ளைகளுக்கு எழுத்து, சாயங்காலம் ஜெபம், இடையில் தாசில்தாருக்கு மனு எழுதுவது. ஆரணியில் மிஷன் நடத்திய தொழிற்பள்ளியில் தச்சு, கொல்லு வேலைகள் கற்றுக் கொடுத்தார்கள். பறைப் பையன் கையில் இழைப்புளி வந்தது சின்ன விஷயம் அல்ல.

ஆனால் பிரசங்கத்தில் என்ன சொன்னார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். இங்கேதான் எனக்கும் சபைக்கும் வழக்கு. பொறுமையாயிரு, பாடுகள் உன்னைப் புடமிடும், உனக்குப் பரலோகத்தில் பலன் உண்டு என்றார்கள். அம்பேத்கர் இந்த இடத்தைச் சரியாகப் பிடித்தார். மதம் மாறிய தீண்டத்தகாதவரின் நிலை பற்றி எழுதும்போது, உன் வீழ்ச்சிக்குக் காரணம் உன் பாவம் என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தார்களே தவிர, அவனைச் சூழ்ந்திருந்த அநீதிதான் காரணம் என்று சொல்லவில்லை என்று குற்றம் சாட்டினார். அது கடுமையான குற்றச்சாட்டு. தப்பித்துப் போக வழியில்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். துன்பத்தில் நோக்கம் கண்ட கதை என்றால் நம் பக்கத்தில் எல்லாரும் சொல்வது ஐடா ஸ்கடர் கதைதான். 1890இல் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று ஆண்கள் கதவைத் தட்டுகிறார்கள். மூவரின் மனைவியும் பிரசவ வேதனையில் இருக்கிறார்கள். ஆண் மருத்துவரை அனுமதிக்க முடியாது என்கிறார்கள், ஐடாவோ அப்போது மருத்துவர் அல்ல. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோகிறார்கள். அந்தச் சாவுகளிலிருந்து அவருடைய அழைப்பு பிறந்தது, வேலூர் மருத்துவமனை பிறந்தது, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி பிறந்தது. அந்த மருத்துவமனையால் பிழைத்தவர்கள் நம் வீட்டிலும் இருக்கிறார்கள். மறுக்கவில்லை. ஆனால் வந்த மூவரில் ஒருவர் பிராமணர், ஒருவர் இஸ்லாமியர், ஒருவர் மேல்சாதி இந்து. அன்றைய இரவு சேரியிலும் யாராவது பிரசவத்தில் செத்திருப்பாள். அவள் புருஷன் அந்தக் கதவைத் தட்டும் தூரத்தில்கூட இல்லை. செத்த மூன்று பெண்களுக்கும்கூடக் கதையில் பெயர் இல்லை. சாவு அவர்களுடையது, நோக்கம் இன்னொருவருடையது.

அதனால்தான் சொல்கிறேன், 'துன்பத்துக்கு நோக்கம் உண்டு' என்ற வாக்கியத்தைக் கேட்டால் முதலில் யார் சொல்கிறார்கள், யாருடைய துன்பத்தைப் பற்றிச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். பட்டவர் தன் வாயால் சொன்னால் அது அவருடைய பலம். மேடையில் நிற்கிறவர் கீழே உட்கார்ந்திருப்பவருக்குச் சொன்னால் அது வாயை மூடு என்பதற்கு மறுபெயர்.

சேரி அந்த வாக்கியத்தைத் தன் வாயால் எப்படிச் சொன்னது? வெறும் பொறுமையாக அல்ல, மனுவாகச் சொன்னது. செங்கல்பட்டுப் பகுதியில் பறையர் படும் பாட்டைப் பற்றி ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி போன்ற மிஷனரிகள் எழுதினார்கள். அவர்களுக்கு அதைச் சொன்னது யார்? ஒவ்வொரு குடிசையிலும் உட்கார்ந்து பேசிய நம் சனங்கள். அந்தக் கூச்சல் கலெக்டர் டிரெமென்ஹீர் வரை போனது. 1891இல் அவர் அறிக்கை கொடுத்தார், 1892இல் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்று இன்று நாம் மீட்கப் போராடுவது அதன் வழியாக வந்ததுதான். மாகாணம் முழுதும் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. 1994 அக்டோபர் 10 அன்று காரணையில் அந்த நிலத்தைக் கேட்டுப் போராடியவர்கள் மீது போலீஸ் சுட்டது. செத்தவர்கள் ஜான் தாமஸ், ஏழுமலை. அந்த இரண்டு பெயர்களையும் சேர்த்துப் படியுங்கள். ஒருவன் வேதக்காரப் பெயர், ஒருவன் பெருமாள் பெயர். தோட்டா வித்தியாசம் பார்க்கவில்லை.

சட்டம் மட்டும் வித்தியாசம் பார்க்கிறது. 1950 குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியாக முடியாது என்றது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரையும் இஸ்லாமியரையும் இன்றுவரை சேர்க்கவில்லை. சூசை வழக்கை மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். சென்னையில் சாலையோரத்தில் செருப்புத் தைத்த ஆதிதிராவிடக் கிறிஸ்தவர். மற்ற செருப்புத் தைப்பவர்களுக்கு அரசு இலவசமாகப் பங்க் கடை கொடுத்தது, இவருக்கு மட்டும் இல்லை என்றது. உச்ச நீதிமன்றம் 1985 செப்டம்பர் 30 அன்று தள்ளுபடி செய்தது. காரணம் என்ன தெரியுமா? மதம் மாறிய பிறகும் அந்த இழிவும் ஒடுக்குமுறையும் அதே கொடுமையோடு தொடர்கின்றன என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லையாம். பிரசங்கியார் துன்பத்துக்கு நோக்கம் இருக்கிறது என்கிறார், நீதிமன்றம் துன்பம் இருப்பதற்கே ஆதாரம் எங்கே என்கிறது. நடுவில் சூசை வெயிலில் உட்கார்ந்து செருப்புத் தைத்துக்கொண்டிருந்தார். 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அந்தப் பத்தியை நீக்கச் சொன்னது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. பத்தி இருக்கிறது.

ஆதாரம் வேண்டுமானால் சபைக்குள்ளேயே தேடலாம், வெளியே போக வேண்டியதில்லை. தனிக் கல்லறை, தனித் தெருவில் தேர், பிஷப் தேர்தலில் சாதிக் கணக்கு. இதையெல்லாம் பார்த்த தலித் கிறிஸ்தவர்களிடமிருந்துதான் தலித் இறையியல் வந்தது. 1981இல் பெங்களூரில் அரவிந்த் நிர்மல் அதைத் தொடங்கிவைத்தார். கிறிஸ்துவே ஒரு தலித், துன்பத்தின் வழியாகத்தான் தலித் மக்கள் கடவுளை அறிகிறார்கள் என்றார். அது ஒரு பெரிய திருப்பம்தான். பாவத்தின் சம்பளம் என்று சொல்லப்பட்டது அறிவின் ஊற்றாக மாறியது. ஆனால் அடுத்த தலைமுறை கேட்டது: துன்பத்தையே அடையாளமாக வைத்துக்கொண்டால் துன்பம் தீரும் நாளில் நாங்கள் யார்? எனக்கு இந்தக் கேள்வி பிடிக்கும்.

மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த தியோஃபிலஸ் அப்பாவு, 'பரட்டை' என்று எல்லாரும் அழைத்தவர், இதை வேறு வழியில் தீர்த்தார். ஆர்மோனியத்தைத் தள்ளிவைத்து, சபை ஒதுக்கிய பறையையும் நாட்டுப்புற மெட்டையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். திருவிருந்து என்றால் ஆளுக்கு ஒரு துண்டு அப்பம் அல்ல, ஒரே உலையில் பொங்கி எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடுவது என்றார். தாது வருஷத்துக் கஞ்சித் தொட்டி முன்னால் நின்றவர்களுக்கு இது விளக்கமே இல்லாமல் புரிந்திருக்கும்.

கூட்டம் முடிந்து டீக்கடையில் நிற்கும்போது அந்தத் தங்கையிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: "பஞ்சத்துக்கு நோக்கம் எதுவும் கிடையாதும்மா. கூலியைக் குறைச்சவனுக்கு இருந்தது, தானியத்தை ரயில்ல ஏத்தினவனுக்கு இருந்தது. உங்க முன்னோர் அதுல சாகாம, தலை நிமிந்து ஒரு புதுப் பேரு வெச்சிக்கிட்டாங்க பாரு, அதை நோக்கம்னு சொல்லு, நான் ஒத்துக்கறேன்."

"பழைய பேரு என்னவா இருந்திருக்கும்ணா?" என்றாள்.

பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளில் புதுப் பெயரோடு பழைய பெயர், தகப்பன் பெயர், ஊர் எல்லாம் எழுதி வைத்திருப்பது உண்டு என்று சொன்னேன். அவர்கள் ஊர் ஆயரிடம் கேட்கப் போவதாகச் சொல்லியிருக்கிறாள். காகிதம் பொடியும், போட்டோ எடுக்கும்போது பக்கத்தை அழுத்திப் பிடிக்காதே என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.