தாரும் சாயவேரும்

வடமேற்கு லண்டனில் நம்மவர்கள் சேலையும் மரக்கறியும் வாங்கப் போகும் அல்பேர்ட்டன் கடைத்தெருவை ஒரு கால்வாய் குறுக்கறுத்து ஓடுகிறது. அதன் கரையோடு மேற்கே நடந்தால் கிறீன்போர்ட் வரும். 1857இல் அங்கே ஒரு சாயத் தொழிற்சாலை எழுந்தது. அன்றன்று காய்ச்சிய சாயத்தின் நிறத்திலேயே கால்வாய்த் தண்ணீரும் ஓடியதாம் என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியோ போகட்டும். அந்தத் தொழிற்சாலைக்கும் மன்னார் மணலுக்கும் ஓர் உறவு இருக்கிறது. அதை எந்தப் பள்ளிக்கூடத்திலும் நாம் படிக்கவில்லை.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் தெருக்களுக்கு வாயு விளக்கு வந்தது. நிலக்கரியைக் காற்றுப் புகாத கலத்தில் இட்டுச் சூடாக்கினால் வாயு பிரியும். கலத்தில் கற்கரி மிஞ்சும். வாயு குளிரும் இடத்தில் கறுத்து நாறும் தார் வடியும். வாயுவை விற்கலாம், கற்கரியை எரிக்கலாம். தாரை என்ன செய்வது? ஆற்றில் விட்டார்கள். 1838க்குப் பிறகு அதன் எண்ணெயில் ஒரு பங்கு, புகையிரதப் பாதையின் சிலிப்பர் கட்டைகள் உக்கிப்போகாமல் காக்க உதவியது. மிச்சம் தொல்லைதான்.

லண்டன் இரசாயனக் கல்லூரியில் ஹொஃப்மன் என்ற ஜேர்மானியரும் அவருடைய மாணவர்களும் இந்தத் தாரை வடித்துப் பிரித்துப் பார்த்தார்கள். அதிலிருந்து பென்சீனைப் பிரித்தெடுத்த மான்ஸ்ஃபீல்ட், 1855இல் வடிகலம் தீப்பற்றிய விபத்தில் இறந்தார். மறுவருடம் 18 வயது வில்லியம் பேர்க்கின், தாரிலிருந்து கொயினா செய்யப்போய், வீட்டு ஆய்வுகூடத்தில் ஊதாச் சாயத்தைக் கண்டார். (கொயினா அவ்வளவு அவசரமாக யாருக்குத் தேவைப்பட்டது? மலேரியா பரவிய நாடுகளைப் பிடித்து ஆண்டவர்களுக்கு.) கிறீன்போர்ட் தொழிற்சாலை அவருடையது.

ஊதா மோகம் சில வருடங்களில் அடங்கிவிட்டது. நம்மைத் தொட்டது சிவப்பு. 1868இல் பெர்லினில் கிறேபேயும் லீபர்மானும், தாரிலுள்ள அந்திரசீன் என்ற பொருளிலிருந்து அலிசரினைச் செய்தார்கள். அதுவரை அது செடியின் வேரில் மட்டும் கிடைத்த சிவப்பு. மலிவாகச் செய்யும் வழிக்கு 1869 ஜூன் 25இல் ஜேர்மானியர் லண்டனில் உரிமை கோரினார்கள். பேர்க்கின் மறுநாள் கோரினார். அவருடைய தொழிற்சாலை 1870இல் 40 தொன்னும் 1873இல் 435 தொன்னும் செய்தது. பிரான்சில் அவிஞோன் பக்கத்து வேர்ச்செடி விவசாயிகள் விழுந்துபோனார்கள்.

அலிசரின் எங்கள் மண்ணுக்குள்ளும் இருந்தது. சாயவேர். மன்னாரிலும் யாழ்ப்பாணத்துத் தீவுகளிலும் மணற்பாங்கில் தானாக முளைக்கும் சிறு பூண்டு. கடுக்காயும் படிகாரமும் ஊட்டிய துணியை இந்த வேரோடு கொதிக்கவைத்தால் சிவப்பு ஏறும். வெயிலுக்கும் மங்காது, தோய்த்தாலும் போகாது. சோழமண்டலக் கரைத் துணி கடல் கடந்து பெயர் வாங்கியதில் இந்த வேருக்குப் பெரும் பங்கு உண்டு. ஒல்லாந்தர் இதை அரசாங்க வருமானமாக்கினார்கள். வேர் குத்தும் வேலை சாதியின் பெயரால் சிலரின் தலையில் கட்டப்பட்டது. குத்திய வேரை அரசாங்கம் வைத்த விலைக்கே கொடுக்க வேண்டும். ஆங்கிலேயரும் தொடக்கத்தில் அதையே செய்தார்கள். பாரம்பரியச் சாயம் என்று நாம் பெருமை பேசும்போது, மணலில் குனிந்து கிடந்த அந்த முதுகுகள் நம் பேச்சில் வருவதில்லை.

தார் வந்துதான் சாயவேர் அழிந்தது என்பது பாதி உண்மை. லங்காஷயர் ஆலைத் துணி நெசவாளரையும் சாயக்காரரையும் முன்னமே நலித்துவிட்டது. மிஞ்சியதைக் கப்பலில் வந்த அலிசரின் முடித்தது. மதுரைச் சாயக்காரரும் அதற்கு மாறினார்கள். அவர்களைக் குறைசொல்ல நமக்கு வாயில்லை; நாள்கணக்கான வேலை அதனால் குறைந்தது.

1893இல் ஆதர் ஜோர்ஜ் பேர்க்கின் என்பவர், ஹம்மல் என்பவரோடு சேர்ந்து, சாயவேரை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார். வில்லியம் பேர்க்கினின் மகன். தகப்பன் தாரிலிருந்து செய்த பொருளையே மகன் எங்கள் வேருக்குள் கண்டார். அதற்கு 19 வருடங்களுக்கு முன்பே தகப்பன் தொழிற்சாலையை விற்று ஒதுங்கியிருந்தார்.

கழிவை எடுத்துப் பிழைத்த தொழிலும் கழிவு விட்டது. பாசல் நகரில் மஜெந்தாச் சாயம் செய்த இடத்திலிருந்து ஆர்செனிக் கிணறுகளில் இறங்கி, 1864இல் அயலவர்கள் நோயுற்றார்கள். 1895இல் பிராங்பேர்ட்டில் றேன் என்ற சத்திரசிகிச்சை வைத்தியர், சாயத் தொழிலாளர்களின் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் வருவதை எடுத்துச் சொன்னார். இந்த நகரங்களின் தெருக்கள் நம்மில் பலருக்கு இன்று ஊர்த்தெருவைப்போலப் பழக்கம்.

பிறகு நீலத்தின் முறை. 1897இல் ஜேர்மனியின் லுட்விக்ஸ்ஹாஃபனிலிருந்து செயற்கை நீலம் சந்தைக்கு வந்தது. அதுவும் தாரிலிருந்து எடுத்த நப்தலீனில் செய்தது. பீகாரின் அவுரி வயல்கள் சுருங்கின. செய்த கம்பனியின் அன்றைய முழுப்பெயரில் 'அனிலின்' என்றொரு சொல் உண்டு. 1840களின் தொடக்கத்தில் அவுரி நீலத்தையே காய்ச்சி வடித்து எடுத்த ஒரு பொருளுக்கு இட்ட பெயர் அது. போர்த்துக்கேயரின் 'அனில்', அதற்கு முன் அராபியரின் 'அன்-நீல்', அதற்கும் முன் நாம் இன்றும் சொல்லும் அதே நீலம்.