பிக்‌ஷனரி

பிக்‌ஷனரி, அணி அணியாகப் பிரிந்து ஆடும் பலகை விளையாட்டு. அணியில் ஒருவர் படம் வரைவார். அவர் எந்தச் சொல்லை வரைகிறார் என்று அவருடைய கூட்டாளிகள் கண்டுபிடிக்க வேண்டும்.

1981இல் அமெரிக்க இளைஞர் ராப் ஏஞ்சலும் நண்பர்களும், சைகையால் சொல்லை உணர்த்தும் பழைய விருந்து விளையாட்டைக் காகிதத்திலும் பென்சிலிலும் ஆடிப் பார்த்தனர். பின்னர் சியாட்டில் நகரில் உணவகப் பணியாளராக இருந்தபோது ஏஞ்சல் அதைப் பெட்டி விளையாட்டாக்கினார். அகராதியைப் புரட்டி வரையத்தக்க சொற்களைப் பொறுக்கியதே அவர் செய்த முக்கியமான வேலை. வணிகத்தை டெரி லாங்ஸ்டனும் வடிவமைப்பை கேரி எவர்சனும் கவனித்தனர். 1985இல் வெளிவந்த முதற்பதிப்பு 1,000 பெட்டிகள் மட்டுமே. அடுத்த ஆண்டு பெரிய விநியோகஸ்தர் கைக்குப் போனபின் விற்பனை பெருகியது. 2001இல் உரிமை மட்டெல் நிறுவனத்துக்குச் சென்றது.

தாயக்கட்டையை உருட்டிக் காய் நிற்கும் கட்டத்துக்கேற்ற வகையில் சீட்டிலிருந்து சொல் எடுக்கப்படும். ஆள், இடம், விலங்கு ஒரு வகை. பொருள், செயல், கடினமான சொல் என மற்றவை. சில சொற்களை எல்லா அணிகளும் ஒரே நேரத்தில் வரைந்து போட்டியிடும். கூச்சல் உச்சத்துக்குப் போவது அப்போதுதான். மணற்கடிகாரம் தரும் அவகாசம் ஒரு நிமிடம். வரைபவர் பேசக்கூடாது, சைகை காட்டக்கூடாது, எழுத்தோ எண்ணோ எழுதக்கூடாது. சொல்லைத் துண்டுகளாக்கி வரையத் தடையில்லை. நன்றாக வரையத் தெரிந்தவர் வெல்வார் என்பதற்கு உறுதியில்லை. யானைக்கு நகம்வரை போட்டுக்கொண்டிருப்பவரைவிட, தும்பிக்கையை மட்டும் இழுத்துவிட்டு நிறுத்துபவரே கூட்டாளிகளுக்கு உதவுகிறார்.

பலகையைவிடச் சொற்பட்டியலே இந்த விளையாட்டின் உயிர். வரைபவரும் பார்ப்பவரும் ஒரே காட்சியை முன்பே அறிந்திருந்தால்தான் நாலு கோடு போதும். அமெரிக்கச் சீட்டில் பேஸ்பால் மட்டை வந்தால் இலங்கையின் கண்டியில் அதைக் கிரிக்கெட் மட்டை என்றே சொல்லத் தோன்றும். அதே கண்டியில் முதுகில் பேழை சுமக்கும் யானையைக் கிறுக்கினால், அங்கு நடக்கும் ஊர்வலமான ‘பெரஹரா’ என்று உடனே சொல்லிவிடுவார்கள். எண்கோண மண்டபத்தின் கூரை, புத்தரின் பல்லை வைத்திருக்கும் தலதா மாளிகையையும், நடுவே சிறு தீவுடைய நீர்ப்பரப்பு கண்டி வாவியையும் காட்டிக்கொடுக்கும். பக்கத்து ஊர்ப் பெயர்களில் குண்டசாலைக்கு ஒரு குண்டும் ஒரு சாலையும் வரையலாம். பேராதனைக்கு அப்படிப் பிரிப்பது பலிக்காது, தாவரவியல் பூங்காவின் பனைமர வரிசையைத்தான் நாட வேண்டும். சிங்களமும் தமிழும் ஆங்கிலமும் புழங்கும் ஊரில் படம் பொதுவாயிருந்தாலும், எந்த மொழியில் சொன்ன விடை செல்லும் என்பதை ஆட்டம் தொடங்குமுன் பேசிக்கொள்வது நல்லது.

படத்தைத் துண்டுகளாகச் சேர்த்து விடை காண்பதைத் தமிழ்த் தொலைக்காட்சியும் பயன்படுத்தியது. விஜய் தொலைக்காட்சியில் ஜெகன் நடத்திய ‘கனெக்‌ஷன்’ நிகழ்ச்சியில், திரையில் வரும் படங்களின் பெயர்களைக் கோத்துச் சொல்லையோ திரைப்படப் பெயரையோ கண்டுபிடிக்க வேண்டும்.

வரையும் வேலையையே நீக்கிய விளையாட்டுகளும் பின்னர் வந்தன. 2008இல் வெளியான ‘டிக்சிட்’டில் அச்சிட்ட படத்துக்கு ஆடுபவர் ஒரு குறிப்புச் சொல்ல, மற்றவர்கள் அந்தப் படத்தை இனங்காண்பர். செக் நாட்டின் விளாடா ஹ்வாத்தில் உருவாக்கிய ‘கோட்நேம்ஸ்’ 2015இல் சொற்களோடு வந்தது. 2016இல் அதன் படப் பதிப்பு வெளியானது. அதில் 20 படங்களை விரித்து, அணித்தலைவர் ஒரே சொல்லால் பல படங்களைச் சுட்டுவார்.