இன்ஜினுக்குள்ள யாரு தட்டுறது?

மேட்டுல மூணாவது கியர்ல ஏறும்போது, டப்பாக்குள்ள கோலிகுண்டைப் போட்டுக் குலுக்கின மாதிரி பைக்ல ஒரு சத்தம் வரும், கேட்டிருக்கீங்களா? மெக்கானிக் அண்ணன் ஒரு நிமிஷம் காதைக் கொடுத்துட்டு "நாக்கிங் தம்பி"ன்னு முடிச்சிடுவார். அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னாடி பெரிய கதை இருக்குங்க.

1912 காடிலாக் கார்ல செல்ஃப் ஸ்டார்ட்டரும் பேட்டரி இக்னிஷனும் வந்துச்சு. செஞ்சவர் சார்லஸ் கெட்டரிங். இன்ஜின் தட்ட ஆரம்பிச்சதும் எல்லாரும் அவரோட இக்னிஷனைத்தான் கை காட்டினாங்க. (ப்ரொடக்‌ஷன்ல எது விழுந்தாலும் "உன் மாட்யூல்தான்"னு சொல்வாங்களே, அதே கதை :-)) மனுஷன் கிட்ட வேலை பார்த்த தாமஸ் மிட்ஜ்லி, சிலிண்டருக்குள்ள அழுத்தம் எப்படி ஏறுதுன்னு பதிவு பண்ணிப் பார்த்தார். ஸ்பார்க் வந்து தீ பரவ ஆரம்பிச்ச பிறகுதான் அழுத்தம் திடீர்னு எகிறுது. அதாவது தீ போய்ச் சேர்றதுக்குள்ள மிச்ச எரிபொருள் தானா வெடிக்குது. குற்றவாளி இக்னிஷன் இல்ல, எரிபொருள்!

அடுத்த கூத்துதான் எனக்குப் பிடிச்சது. எரிபொருளுக்குச் சிவப்பு நிறம் ஏத்தினா வெப்பத்தை இழுத்து சீக்கிரம் ஆவியாகும்னு ஒரு யூகம். 1916-ல் சிவப்புச் சாயம் கையில இல்லாததால மிட்ஜ்லி அயோடினைக் கலந்தார். தட்டல் நின்னுடுச்சு! நம்ம ஆளுங்களா இருந்தா அன்னிக்கே ரிலீஸ் பண்ணியிருப்போம். அவர் நிஜமான சிவப்புச் சாயங்களைப் போட்டுப் பார்த்தார், ஒண்ணும் நடக்கல. நிறமே இல்லாத அயோடின் சேர்மம் போட்டார், வேலை செஞ்சுது. தியரி தப்பு, ஃபிக்ஸ் மட்டும் சரி.

அயோடின் விலை அதிகம், உலோகத்தையும் அரிக்கும். அப்புறம் அனிலின், செலினியம், டெல்லூரியம்னு தேடி, 1921 டிசம்பர் 9-ஆம் தேதி டெட்ராஎத்தில் ஈயத்துல வந்து நின்னாங்க. துளியூண்டு போதும். 1923-ல் ஒஹாயோவின் டேட்டன் ஊர்ல விற்பனை ஆரம்பம். பேர் 'எத்தில்'. ஈயங்கிற வார்த்தையை மட்டும் நைஸா விட்டுட்டாங்க.

1924 அக்டோபர்ல நியூஜெர்சி பேவே ஆலையில 5 தொழிலாளிங்க புத்தி பேதலிச்சுச் செத்துப்போனாங்க. அதே மாசம் 30-ஆம் தேதி, நிருபர்கள் முன்னாடி மிட்ஜ்லி அந்தத் திரவத்துல கை கழுவி, மோந்தும் காட்டினார். 1923-ல் அவரே ஈய நஞ்சு ஏறி ஃப்ளோரிடாவுல ஓய்வெடுத்தவர்! இதை வெறும் அறியாமைன்னு என்னால எடுத்துக்க முடியல.

ஏன்னா ஆல்கஹால் கலந்தாலும் தட்டல் குறையும்னு அவங்களுக்கு நல்லாவே தெரியும். ஆனா அதை யார் வேணா காய்ச்சலாம், காப்புரிமை காசு வராது. அதான் காரணம்னு எனக்குத் தோணுது.

இந்தியா முழுக்க ஈய பெட்ரோல் நின்னது 2000-ல். நான் பள்ளிக்கூடத்துக்குப் போன ரோட்டோர மண்ணுல எவ்வளவு படிஞ்சிருக்கோ! கடைசியா நிறுத்தினது அல்ஜீரியா, 2021 ஜூலையில. நம்ம ஊர் பெட்ரோல்ல இப்ப என்ன கலக்குறாங்க? எத்தனால்!